வேறு கம்பெனி பேட்டரி, வேறு ஆப்: டிரோன் வாரண்டி என்ன ஆகும்?

போன மாதம் பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருத் தம்பி ஒருவர் தன் டிரோன் பேட்டரியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "அண்ணா, ஸ்லாட்டுக்குள்ள போகவே மாட்டேங்குது. அழுத்தித் தள்ளினாத்தான் போகுது" என்றார். ஓரத்தை விரலால் தொட்டேன். பேட்டரி தொட்டில் மாதிரி ஆடியது. நடுவில் உப்பிவிட்டது. எஸ்.பி. ரோட்டில் ஒரிஜினல் விலையில் பாதிக்கு வாங்கியதாம்.

அவருடைய பெரிய கவலை அதுவல்ல. கேமரா நடுங்குகிறது என்று சர்வீஸ் சென்டருக்குப் போயிருக்கிறார். "வேற பேட்டரி போட்டிருக்கீங்க, வாரண்டி கிடையாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேமரா நடுங்குவதற்கும் பேட்டரிக்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. புதிதாக டிரோன் வாங்குகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: வாரண்டி யார் கொடுத்தது என்று பாருங்கள்

2022 பிப்ரவரியில் வெளிநாட்டில் செய்த முழு டிரோன்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. முழு டிரோனுக்குத் தடை என்பதால் இன்று கடையில் கிடைக்கும் பல வெளிநாட்டு டிரோன்களுக்கு இருப்பது கடைக்காரர் தரும் வாரண்டிதான், கம்பெனி வாரண்டி இல்லை. ஜிஎஸ்டி பில்லை எடுத்துப் பாருங்கள். டிரோனின் சீரியல் எண் அதில் இருக்கிறதா? எத்தனை மாதம், எந்தெந்தப் பாகத்துக்கு என்று எழுதியிருக்கிறதா? வாய்வார்த்தையாகச் சொன்ன வாரண்டி என்றால் இன்றே வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

படி 2: விதிவிலக்குப் பகுதியைப் படியுங்கள்

வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். நீங்கள் மரத்தில் மோதினால், ஒரிஜினல் பேட்டரி, ஒரிஜினல் ஆப் எல்லாம் இருந்தாலும் அது வாரண்டியில் வராது. அதற்குத் தனித் திட்டம் வாங்க வேண்டும்.

டிஜேஐ போன்ற கம்பெனிகளின் விதிவிலக்குகளில் வேறு கம்பெனிப் பாகம் பொருந்தாமல் வந்த சேதம், அனுமதியில்லாமல் திறந்தது, மாற்றியமைத்தது ஆகியவை இருக்கும். "வந்த சேதம்" என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பாகத்தால் சேதம் வந்திருந்தால்தான் மறுக்கலாம் என்பது அதன் பொருள். எப்போதோ ஒருநாள் அந்தப் பாகத்தை மாட்டினீர்கள் என்பது மட்டும் போதாது.

படி 3: ஆப் எந்த வகை?

லிச்சி, டிரோன்லிங்க், டிரோன்டிப்ளாய் போன்றவை டிரோன் கம்பெனியே வெளியாருக்குத் திறந்துவிட்ட நிரல் வசதியின் மேல் எழுதப்பட்டவை. இவற்றைப் போட்டதாலேயே வாரண்டி போகாது. ஆனால் லிச்சியில் வழிப்புள்ளி (டிரோன் தானாகப் போக வேண்டிய இடங்கள்) வைத்துப் பறக்கவிடும்போது உயரம் வழக்கமாக நீங்கள் கிளம்பிய இடத்திலிருந்துதான் கணக்கு. சிக்கபள்ளாப்பூர் பக்கம் பாறை மேடாக ஏறும் இடத்தில் 40 மீட்டர் என்று கொடுத்துவிட்டுக் கீழே நின்றால், டிரோன் நேராகப் பாறையில் போய் மோதும். அது உங்கள் கணக்கில்தான் வரும்.

உயர வரம்பை எடுத்துவிடுவது, தடைப் பகுதியைத் திறப்பது, ரேடியோ சக்தியை ஏற்றுவது என்று ஃபர்ம்வேரையே, அதாவது டிரோனுக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளையே, மாற்றும் ஆப்கள் வேறு வகை. இவற்றைத் தொடவே தொடாதீர்கள். அது மாற்றியமைத்தல், விதிவிலக்கில் நேராக விழும். அதைவிட முக்கியம், எச்ஏஎல், எலகங்கா, ஜக்கூர் என்று விமான ஓடுதளங்கள் சூழ்ந்த ஊர் இது. வரம்பில்லாத டிரோன் இங்கே மனித உயிருக்கு ஆபத்து. பறக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பாருங்கள். பச்சையைத் தவிர மற்றவற்றில் அனுமதி வேண்டும்.

படி 4: பேட்டரி

அந்தத் தம்பி மாட்டிக்கொண்டது இங்கேதான். சாதாரண லித்தியம் பாலிமர் செல்லை 4.2 வோல்ட் வரைதான் ஏற்றலாம். டிஜேஐ மினி 2 பேட்டரியில் இரண்டு செல். முழு சார்ஜில் 8.8 வோல்ட், அதாவது செல்லுக்கு 4.4. அதற்கென்று செய்த செல் வேண்டும். மலிவுப் பேட்டரியில் சாதாரண செல்லை வைத்து அதே சார்ஜரில் போட்டால், உள்ளே மின்பகுபொருள் சிதைந்து வாயு சேரும், பை உப்பும். உப்பிய பேட்டரியை அழுத்தாதீர்கள், துளைக்காதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

டிரோன் பேட்டரிக்குள் ஒரு சிறு சர்க்யூட் இருக்கிறது. செல்களைக் கவனித்து, மீதி சார்ஜ் எவ்வளவு என்று டிரோனுக்குச் சொல்வது அதுதான். போலிப் பேட்டரி 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டே நடுவானில் அணையலாம். அப்படி விழுந்தால் வாரண்டி கேட்க இடமே இல்லை.

வேறு பேட்டரிதான் வாங்குவேன் என்றால், பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறியும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். லித்தியம் பேட்டரிக்கு இது கட்டாயம், ஐஎஸ் 16046 தரத்தின்படி. பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று தெரியும். ஸ்டிக்கரில் ஒரு பெயர், ஆப்பில் இன்னொரு பெயர் என்றால் திருப்பிக் கொடுங்கள்.

ஒரிஜினலிலும் எடையைப் பாருங்கள். மினி 3 ப்ரோவில் பெரிய பேட்டரி போட்டால் மொத்தம் சுமார் 290 கிராம். 250 கிராமைத் தாண்டியதும் அது நானோ வகையிலிருந்து மைக்ரோ ஆகிவிடும். அதில் காசு வாங்கிக் கல்யாணம் எடுத்தால், 2021 டிரோன் விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும்.

படி 5: லாகை (பறப்புப் பதிவை) எடுத்து வையுங்கள்

எந்தப் பேட்டரி, எத்தனை சார்ஜ் சுழற்சி, என்ன எச்சரிக்கை வந்தது என்று டிரோனும் ஆப்பும் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். சர்வீஸ் சென்டர் அதைத்தான் படிக்கும், நீங்களும் ஒரு நகல் வைத்திருங்கள். கோளாறு வந்ததும் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடுவது பலரின் வழக்கம். ஆண்ட்ராய்டில் அப்படிச் செய்தால் போனில் இருக்கும் பறப்புப் பதிவுகளும் சேர்ந்து போய்விடும். முதலில் அந்த ஃபோல்டரைக் கணினிக்கு நகல் எடுங்கள். பேட்டரியின் சீரியல் எண், சுழற்சி எண்ணிக்கை தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோளாறை ஒரிஜினல் பேட்டரி, ஒரிஜினல் ஆப் வைத்து மறுபடி காட்டி ஒரு வீடியோ பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

படி 6: எழுத்தில் கேளுங்கள்

"வேற பாகம் போட்டா வாரண்டி போகாது, சட்டமே இருக்கு" என்று யூடியூபில் சொல்வது பெரும்பாலும் அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் சட்டம். அது பெங்களூரில் செல்லாது. நமக்கு இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முதலில் சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள்.

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "எந்த விதியின் கீழ் மறுக்கிறீர்கள்? கேமரா கோளாறு பேட்டரியால் வந்தது என்பதற்கு உங்கள் பரிசோதனை அறிக்கை என்ன? ஒரிஜினல் பேட்டரியிலும் இதே கோளாறு வரும் வீடியோவை இணைத்துள்ளேன்."

டிரோனைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்கள். கேமராவை இலவசமாக மாற்றினார்கள். உப்பிய பேட்டரியைத் தள்ளித் தள்ளி ஸ்லாட்டின் பிளாஸ்டிக் விரிந்திருந்தது. அதற்கு மட்டும் காசு கேட்டார்கள், தம்பியும் ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்துவிட்டு வந்தார்.