பழைய கார்டு கோணலாக வெட்டப்பட்டிருக்கிறதா? முதலில் ஸ்கேலை எடுங்கள்

பேஸ்பால், ஹாக்கி வீரர்களின் படம் போட்ட சேகரிப்புக் கார்டுகளைத் தனித்தனியாக அச்சடிப்பதில்லை. நூற்றுக்கணக்கில் ஒரே பெரிய தாளில் அடித்து, பிறகு வெட்டுவார்கள். அச்சகத்தில் நோட்டீஸ் வெட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தாள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், அந்தக் கட்டு முழுவதும் கோணல். கார்டின் நிலையைப் பார்த்து பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போடுவதுதான் கிரேடிங். அதற்கு அனுப்பும் முன் இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

முதலில் வெள்ளை ஓரங்களை அளந்துகொள்ளுங்கள். இடது ஓரம் 3.5 மி.மீ., வலது 1.5 மி.மீ. என்றால் மொத்தம் 5, அதாவது சதவீதத்தில் 70/30. மேல், கீழ் ஓரங்களுக்கும் இதே கணக்குதான். கார்டுகளைத் தரப்படுத்தும் அமெரிக்க நிறுவனமான பிஎஸ்ஏ, ஒவ்வொரு கிரேடுக்கும் இந்த விகிதத்துக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மூலைகள் எவ்வளவு கூராக இருந்தாலும் இதைத் தாண்டினால் கிரேடு இறங்கும், அல்லது எண்ணுக்குப் பக்கத்தில் 'ஓசி' என்று விழும். ஆஃப் சென்டர் என்பதன் சுருக்கம் அது. இலவச 'ஓசி' அல்ல, விலையில் நன்றாகவே அடி விழும்.

ஒரே பக்க ஓரம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் போகிறதா? அது டயமண்ட் கட். மிக மோசமான இடத்தில் அளப்பதுதான் நியாயமான கணக்கு. பக்கத்துக் கார்டின் துண்டு எட்டிப் பார்த்தால் மிஸ்கட், 'எம்சி'.

அடுத்து விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனம் கம்பியால் வெட்டியதால் விளிம்பு நார் நாராக இருக்கும். ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியின் 1979-80 ரூக்கி கார்டு, அதாவது அவருடைய அறிமுகக் கார்டு, இதற்குப் பெயர் போனது. புதியவர்கள் இதைச் சேதம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். தேவையே இல்லை. அந்தக் கார்டு நான்கு பக்கமும் வழவழவென்று இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

ஏனென்றால், தொழிற்சாலையில் வந்த கோணலுக்கு மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். கோணலைச் சரிசெய்கிறேன் என்று நாம் கத்தி வைத்தால் எண் கிரேடே கிடைக்காது. டி206 என்ற பழைய சிகரெட் கார்டுத் தொகுப்பைச் சேர்ந்த, பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு ஒன்றை 1991-இல் பிஎஸ்ஏ 8 என்று தரப்படுத்தியது. அதன் ஓரத்தை வெட்டியதாக ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நிபுணர்களே ஏமாந்த கதை!

அதனால் கடைசியாக மொத்த அளவையும் பாருங்கள். 1957 முதல் அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனக் கார்டின் அளவு 2.5 × 3.5 அங்குலம், 1952 முதல் 1956 வரை அதைவிடக் கொஞ்சம் பெரியது. தொழிற்சாலையிலேயே சிறிதாக வெட்டப்பட்ட கார்டுகளும் உண்டு. ஆனால் அளவு குறைந்தால் அதையும் பிஎஸ்ஏ தரப்படுத்தாமல் திருப்பி அனுப்பக்கூடும். உங்கள் கார்டின் அதே தொகுப்பைச் சேர்ந்த மலிவான கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் கண்ணிலேயே தெரிந்தால் கிரேடிங் கட்டணம் கட்ட வேண்டாம்.