செண்ட் வாங்கும்போதும் பூசும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செண்ட் வாங்குவோர் பலர் செய்யும் முதல் தவறு, கடைக்காரர் காகிதப் பட்டையில் அடித்துத் தந்ததை அந்த நிமிடமே முகர்ந்து, பிடித்துவிட்டது என்று பணத்தைக் கட்டிவிடுவதுதான். அப்போது மூக்கை எட்டுவது பெரும்பாலும் எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்) போன்ற எளிதில் ஆவியாகும் எண்ணெய்களின் மணம். கால் மணி நேரத்தில் அது அடங்கிப் பூமணம் எழும்; அதற்கும் பின்னர், சந்தனம், வனிலா, கஸ்தூரி வகையைச் சேர்ந்த கனத்த மணங்கள் தலைகாட்டி மாலைவரை நம்மோடு இருக்கும். ஆகவே மணிக்கட்டில் ஒருமுறை அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியேறி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து முடிவு செய்வதே முறை. ஒரே மூச்சில் ஏழெட்டு வகைகளை முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். மரத்த மூக்கைத் தெளியவைக்கவென்றே சில கடைகளில் காப்பிக்கொட்டைக் கிண்ணம் வைத்திருப்பார்கள். அதுவும் இன்னொரு வாசனைதான், வெளிக்காற்றே போதும்.

"மணம் நிற்கவில்லை" என்று கொலோனைக் குறைகூறுவதும் பொருத்தமன்று. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கொலோன் நகரில் இத்தாலியரான யோஹான் மரியா ஃபரினா உருவாக்கிய அந்த வகை, புத்துணர்ச்சிக்காகப் பூசிக்கொள்ளும் இலேசான நீர்மம். அதில் மணப்பொருள் பொதுவாக 2 முதல் 5 விழுக்காடுதான். நீடித்த மணம் வேண்டுவோர் மணப்பொருள் 15 விழுக்காட்டுக்குக் குறையாத ஓ டி பர்ஃப்யூம் என்னும் அடர்த்தியான வகையைத் தேடலாம்.

அத்தர் என்றாலே தூய பூச்சாறு என்று நம்புவது இன்னொரு பிழை. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் செப்புப் பாத்திரத்தில் மலர்களை நீரோடு காய்ச்சி, மூங்கில் குழாய் வழியே வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவதே மரபு. சந்தனத்தின் விலை ஏறியபின் பலர் திரவப் பாரஃபினுக்கு மாறிவிட்டார்கள். மிக மலிவான சந்தன அத்தரை ஐயத்தோடு பார்ப்பது நல்லது.

இயற்கையானது, பழமையானது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. பதப்படுத்தாத பெர்கமாட் எண்ணெயைக் கழுத்தில் பூசி வெயிலில் போனால் தோல் சிவந்து, பழுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கலாம். பண்டைய எகிப்தியர் கண்ணுக்குத் தீட்டிய மைகளில் ஈயக் கனிமமான கலீனா முதன்மையானது. இன்றும் சில சுர்மாக்களில் (கண்ணுக்கு இடும் மைப்பொடிகளில்) ஈயம் இருப்பதால், குழந்தைகளுக்கு அவற்றை இடவே கூடாது. விளக்குக் கரியில் வீட்டிலே கூட்டும் கண்மை இதனின்று வேறு என்றாலும், பச்சிளங்குழந்தையின் கண்ணுக்குள் தீட்டுவதை மருத்துவர்கள் ஏற்பதில்லை.

பட்டுப்புடவை மீது நேராக அடித்தால் கறை விழும். புடவை கட்டுவதற்கு முன்பே உடலில் பூசி உலரவிட வேண்டும். குளியலறை அலமாரியும் கார் டாஷ்போர்டும் செண்டுக்கு உகந்த இடங்கள் அல்ல. வெப்பமும் வெளிச்சமும் மணத்தைக் கெடுக்கும் என்பதால், வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே மூடி பீரோவுக்குள் வைப்பது நல்லது.