நீட்ஸ் அசெஸ்மென்ட் முடிஞ்சிடுச்சா? அடுத்து இதைப் பாருங்க

இங்கிலாந்துல அம்மா அப்பாவுக்கு கவுன்சில் (உள்ளூர் நிர்வாகம்) நீட்ஸ் அசெஸ்மென்ட், அதாவது என்ன பராமரிப்பு உதவி தேவைன்னு பாக்கற மதிப்பீடு, பண்ணிட்டுப் போனதும் நிறைய பேர் லெட்டர் வரட்டும்னு சும்மா இருந்துடறாங்க, அப்படி இருக்காதீங்க. முதல்ல ரிசல்ட்டை எழுத்துல கேட்டு வாங்குங்க, 2014 கேர் ஆக்ட்ங்கற பராமரிப்புச் சட்டப்படி அதைக் குடுத்தே ஆகணும். தகுதி இருக்குன்னா கேர் அண்ட் சப்போர்ட் பிளான் போடுவாங்க, அதுல குளிக்க, சமைக்க, கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போயிட்டு வர என்ன உதவி வேணும், தமிழ் பேசுற ஆள் வேணுமா, எல்லாத்தையும் சொல்லி எழுத வைங்க, எழுதாதது அப்புறம் கிடைக்கறது கஷ்டம்.

அப்புறம் ஃபைனான்ஷியல் அசெஸ்மென்ட், அதாவது செலவுல நாம எவ்வளவு கட்டணும்னு பாக்கறது. சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல இருந்தா பொதுவா செலவு முழுக்க நம்மளோடதுதான், ஆனா வீட்டுலயே கேர் எடுக்கறப்போ குடியிருக்கற வீட்டோட மதிப்பை அதுல சேர்க்க மாட்டாங்க, இதைத் தெரியாம பயந்தே பலர் உதவி கேக்கறதில்ல, ரொம்ப வருத்தமா இருக்கு. கவுன்சில் குடுக்கற பணத்தை டைரக்ட் பேமென்ட்டா, அதாவது நம்ம கைக்கே, வாங்கி நமக்குப் புடிச்ச ஆளை நாமளே வச்சுக்கலாம். பாத்ரூம் கைப்பிடி மாதிரி சின்ன மாற்றம், தேவைன்னு அசெஸ்மென்ட்ல வந்தா, ஒவ்வொண்ணும் 1,000 பவுண்டு வரைக்கும் இலவசம். பென்ஷன் வயசு தாண்டினவங்க, உடம்பு முடியாம பிறர் உதவி தேவைப்பட்டா, அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்ங்கற அரசு உதவித்தொகைக்கும் போடுங்க, அதுக்கு சேமிப்பெல்லாம் பார்க்க மாட்டாங்க.

பாத்துக்கற உங்களுக்கும் என்ன உதவி வேணும்னு பாக்கற கேரர்ஸ் அசெஸ்மென்ட் தனியா உண்டு, கேளுங்க. தகுதி இல்லன்னு சொல்லிட்டா காரணத்தை எழுதி வாங்கிட்டு கவுன்சில்லயே கம்ப்ளெய்ன்ட் போடுங்க, அங்க சரியாகலன்னா கவுன்சில் மேல வர்ற புகாரை விசாரிக்கற ஆம்பட்ஸ்மன் கிட்ட போகலாம், அதுக்குக் காசு கிடையாது.