பட்டனை அழுத்தச் சொல்வதற்கு முன்

காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் ஒலி கொடுத்துச் சோதிக்கும் மெஷினான ஆடியோமீட்டரைப் பற்றித்தான் என்னிடம் கேட்பார்கள். அது சீக்கிரம் பழகிவிடும். பரிசோதனைக்கு வந்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று புரியவைப்பதுதான் கடினம். ரிசல்ட் சரியாக வருவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே.

முதலில் எதிரே உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கிறது, இரைச்சல், வலி, சீழ், தலைசுற்றல் உண்டா, நேற்றோ இன்றோ பெரிய சத்தத்தில் இருந்தாரா என்று விசாரியுங்கள். அப்புறம் ஓட்டோஸ்கோப்பால், அதாவது காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவியால், உள்ளே பாருங்கள். அழுக்கு அடைத்திருந்தால் அதை எடுத்த பிறகே பரிசோதனை.

சரி, இனி சொல்ல வேண்டியது: "சத்தம் ரொம்ப மெல்லிசா, தூரத்துல கேக்கிற மாதிரி இருந்தாலும் பட்டனை அழுத்துங்க. சந்தேகமா இருந்தாலும் அழுத்துங்க." அந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தப்பாக அழுத்திவிடுவோமோ என்று பயந்து, தெளிவாகக் கேட்டால் மட்டும் அழுத்துபவர்கள் பலர். அவர்களுடைய ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம், உள்ளதைவிட மோசமாக வரும்.

கம்மல், கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டு, ஹெட்போனை நீங்களே மாட்டுங்கள். சிவப்பு வலது, நீலம் இடது.

நன்றாகக் கேட்கும் காதில் 1000 ஹெர்ட்ஸில் (ஒலியின் ஸ்தாயியைக் குறிக்கும் அளவு) தொடங்குங்கள். கேட்டால் 10 டெசிபல் இறக்குங்கள். கேட்காமல் போனதும் ஐந்தைந்தாக ஏற்றுங்கள். ஏற்றும்போது மூன்றில் இரண்டு முறையாவது பதில் வரும் மிகக் குறைந்த அளவைக் குறியுங்கள். பிறகு 2000, 4000, 8000, மறுபடி 1000, கடைசியில் 500, 250. இரண்டாம் முறை எடுத்த 1000 முதலில் வந்ததிலிருந்து 5 டெசிபலுக்கு மேல் விலகினால், நிறுத்தி மீண்டும் விளக்குங்கள்.

ஒலியை ஓரிரு விநாடி கொடுங்கள். இடைவெளி மாறிக்கொண்டே இருக்கட்டும். ஒரே தாளத்தில் கொடுத்தால் கேட்காமலேயே அழுத்துவார். உங்கள் கையசைவு அவருக்குத் தெரியக் கூடாது. அவர் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும். தயங்குகிறாரா, களைத்துவிட்டாரா என்பதை மெஷின் காட்டாது.

இரு காதுகளுக்கும் 40 டெசிபலோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்தால் நம்பிவிடாதீர்கள். ஒலி மண்டையோட்டு வழியாகத் தாண்டிப்போய் நல்ல காதே பதில் சொல்லியிருக்கலாம். அந்த நல்ல காதுக்கு இரைச்சல் கொடுத்து அதை மறைத்துவிட்டு (இதுதான் மாஸ்க்கிங்) மறுபடி எடுங்கள்.

முடிந்ததும் தாளை மட்டும் நீட்டாதீர்கள். மேல் ஸ்தாயி ஒலிகள் குறைந்திருந்தால், "ச, ஸ மாதிரி எழுத்துகள் உங்களுக்கு நழுவுது, அதனாலதான் பேசுறது கேக்குது, ஆனா புரியல" என்று சொல்லுங்கள். கூட வந்த வீட்டாரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். கவனிக்காமல் இருக்கிறார் என்று பரிசோதனைக்கு வந்தவரை வீட்டில் திட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.