விஎல்சி பிளேயரில் சூழொலி: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

ஹெட்போனில் பாட்டு கேட்கும்போது குரலும் கருவிகளும் தலைக்குள்ளேயே ஒலிப்பதுபோல் இருக்கும். அறையில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால் அப்படித் தோன்றாது. வலப்பக்க ஸ்பீக்கரின் ஒலி இடக்காதுக்கும் போய்ச் சேருகிறது. ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான தாமதத்துடன், தலை மறைப்பதால் சற்று மங்கலாகச் சேருகிறது. இரு காதுகளுக்கும் இடையிலான இந்தச் சிறு வேறுபாடுகளை வைத்துத்தான் திசையை உணர்கிறோம் என்று இயற்பியலாளர் ராலே பிரபு 1907-இலேயே விளக்கினார். ஹெட்போனில் அந்தக் கலப்பும் இல்லை, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் இல்லை. சூழொலி வசதிகள் இவற்றைச் செயற்கையாகச் சேர்த்துத் தருகின்றன.

பழகிப் பார்க்க விஎல்சி போதும். இலவசமானது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 1996-இல் பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய திட்டம், 2001-இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. வீடியோ பார்ப்பதற்காகவே இதை நிறுவியவர்கள் இதன் ஒலிப் பகுதியையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். கீழே சொல்லும் மெனுக்கள் விண்டோஸ், லினக்ஸ் பதிப்புகளில் உள்ளவை. மேக்கில் இடம் மாறியிருக்கும்.

தொடங்கும் முன்

மென்பொருளை, அதை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். விண்டோஸின் சொந்தச் சூழொலி வசதியான ஸ்பேஷியல் சவுண்ட் இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சூழொலி சேர்ந்தால் பாட்டு குழம்பிவிடும். விஎல்சியின் ஒலியளவை 100 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

கருவிகள் குறைவாக உள்ள ஒரு பாட்டைத் தேர்ந்தெடுங்கள். குரல் நடுவிலும், வயலினோ கிதாரோ ஒரு பக்கமாகவும் ஒலித்தால் நல்லது. பாட்டு ஓடும்போது கன்ட்ரோல் விசையுடன் ஜே விசையை அழுத்தினால் கோப்பின் விவரம் தெரியும். சேனல்ஸ் என்ற வரியில் மோனோ என்று இருந்தால் வேறு பாட்டுக்குப் போய்விடுங்கள். இரு பக்கமும் ஒரே ஒலி என்றால் விரிப்பதற்கு எதுவும் இல்லை.

அடுத்து, வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸைத் தேர்வு செய்யுங்கள். புதிதாக வரும் பொத்தான்களில் ஏ-பி லூப் பொத்தானைப் பாட்டின் ஓரிடத்தில் ஒருமுறையும், இருபது நொடி கழித்து மறுமுறையும் அழுத்துங்கள். அந்தப் பகுதி மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கும். நுண்ணிய ஒலி வேறுபாடு மனதில் அதிக நேரம் நிற்பதில்லை. முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு ஒப்பிடுவது வீண் வேலை.

பாட்டில் என்ன இருக்கிறது?

எந்த மாற்றமும் செய்யும் முன், ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ மோடுக்குப் போய் முதலில் லெஃப்ட், பிறகு ரைட் என்று மாற்றிக் கேளுங்கள். ஒரு பக்கத்து ஒலி மட்டும் இரு காதிலும் வரும். குரல் இரண்டிலும் இருக்கும். வயலின் ஒன்றில் ஓங்கி, மற்றதில் ஏறக்குறைய மறைந்துபோகும். இசைக்கலவை செய்தவர் யாரை எங்கே உட்கார வைத்திருக்கிறார் என்பது இதில் தெளிவாகும். பிறகு ஸ்டீரியோவுக்கே திரும்பிவிடுங்கள்.

ஸ்பேஷியலைசர்

கன்ட்ரோல் விசையுடன் இ விசையை அழுத்தி, ஆடியோ எஃபெக்ட்ஸில் ஸ்பேஷியலைசர் பகுதிக்குப் போய் எனேபிள் பெட்டியில் டிக் செய்யுங்கள். ஐந்து நகர்த்திகள் இருக்கும். சைஸ் என்பது கற்பனை அறையின் அளவு. விட்த் என்பது எதிரொலியின் அகலம். வெட் எதிரொலியின் அளவையும், டிரை மூல ஒலியின் அளவையும் குறிக்கும். டேம்ப் என்பது அறை எவ்வளவு கூர்மையை உறிஞ்சுகிறது என்பது; திரைச்சீலையும் மெத்தையும் நிறைந்த அறை வேண்டுமானால் கூட்டுங்கள்.

வெட்டை அடிமட்டத்துக்கு இறக்கி, ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். பாடகர் ஒரு சொல்லை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியைக் கவனியுங்கள். அங்கே மெல்லிய வால் ஒன்று கேட்கத் தொடங்கும். அது அடுத்த சொல்லின்மேல் ஏறினால் கொஞ்சம் பின்வாங்குங்கள். எதிரொலி தனியாகக் கேட்கக் கூடாது. பெட்டியின் டிக்கை எடுக்கும்போது ஏதோ குறைந்ததுபோல் இருந்தால் அதுவே சரியான அளவு.

இங்கே ஓர் எச்சரிக்கை, இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவதும் இதுதான். ஒலி சிறிது கூடினாலே காதுக்கு நன்றாக இருப்பதுபோல் தோன்றும். எஃபெக்ட்டைச் சேர்த்ததும் பாட்டு அழகானதா, சத்தம் கூடியதா என்று பிரித்தறிய முடியாமல் போகும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒலியளவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள். இதைச் செய்யாமல் எடுக்கும் எந்த முடிவையும் நம்ப முடியாது.

ஸ்டீரியோ வைடனர்

பக்கத்திலேயே இருக்கும் இந்தப் பகுதி, இரு பக்கத்துக்கும் பொதுவான ஒலியை அடக்கி, ஒரு பக்க ஒலியைத் தாமதித்து மறுபக்கம் சேர்க்கிறது. மேடை விரியும், ஆனால் நடுவில் நிற்கும் குரல் வெளிறிப்போகும். கருவியிசைக்குப் பயன்படுத்தலாம். பாடல்களுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

அதே ஆடியோ எஃபெக்ட்ஸில் உள்ள ஈக்வலைசர், தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது. அதில் எதையாவது ஏற்றினால், மொத்த ஒலியளவை மாற்றும் ப்ரீஆம்ப்பை அதே அளவு டெசிபலுக்கு இறக்குங்கள். இல்லையென்றால் ஒலி உடையக்கூடும்.

முன்னும் பின்னும் உள்ள ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனியே ஒலி பதிவான 5.1 சேனல் கோப்பு கையில் இருந்தால் ஸ்பேஷியலைசரை அணைத்துவிட்டு, ஸ்டீரியோ மோடில் ஹெட்போன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்பக்கத்துக்கென்றே பதிவான ஒலி அதில் இருப்பதால், இரண்டு சேனலை நீட்டி உருவாக்கும் சூழொலியைவிட இது இயல்பாக இருக்கும். கண்ணை மூடிக் கேட்டால் பக்கவாட்டு ஒலிகளின் இடம் எளிதில் பிடிபடும். நேர்ப்பின்னால் வருவது மட்டும் சிலருக்கு முன்னால் வருவதுபோல் கேட்கும். செவிமடலின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறுவதும், தலையைத் திருப்பினாலும் ஹெட்போனின் ஒலி கூடவே திரும்பிவிடுவதும் அதற்குக் காரணம். உங்கள் அமைப்பில் கோளாறு எதுவும் இல்லை.