லேத் வேலைக்கு எந்தக் கூலன்ட், எப்படி ஊற்றுவது

லேத்தில் உலோகத்தை வெட்டும்போது மேலே ஊற்றும் திரவமான கூலன்ட்டை வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். இந்த வேலையில் வெட்டும் டூலைக் கெடுக்கப்போவது சூடா, உராய்வா? வேகமாக ஓடும் டர்னிங்கில் (சுழலும் உலோகத்தைச் சீவும் வேலை) சூடுதான் டூலைத் தின்னும். அங்கே தண்ணீர் கலந்த சொல்யூபிள் ஆயில் வேண்டும், ஏனென்றால் சூட்டை இழுப்பதில் தண்ணீருக்கு ஈடில்லை. மரை போடுதல், துளைக்குள் மரை வெட்டும் டேப் அடித்தல், துளையைச் சீராக்கும் ரீமிங் போன்ற மெதுவான வேலைகளில் சூடு குறைவு. உலோகம் டூல் முனையில் அப்பிக்கொண்டு பரப்பைப் பிய்ப்பதுதான் அங்கே தொல்லை. அதற்குத் தண்ணீர் சேராத கட்டிங் ஆயில்தான் சரி.

அடுத்து டூலைப் பாருங்கள். எச்.எஸ்.எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கடினத்தன்மையை இழந்துவிடும், ஆகவே ஸ்டீல் வெட்டும்போது அதற்குக் கூலன்ட் அவசியம். இன்னும் கடினமான கார்பைடு டூல் அதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும். ஆனால் சூடேறிய முனையில் விட்டுவிட்டுக் கூலன்ட் பட்டால் மயிரிழை விரிசல் விழுந்து ஓரம் உதிரும். கார்பைடுக்கு வெட்டு தொடங்குமுன்பே பம்பைத் திறந்து, முடியும்வரை நிற்காமல் ஊற்றுங்கள். இல்லையென்றால் சொட்டுக்கூட வேண்டாம். அறுகோணக் கம்பி, சாவிக்காடி உள்ள ஷாஃப்ட் போல வெட்டு விட்டுவிட்டு நடக்கும் ஜாபில் (வெட்டப்படும் பொருளில்) கார்பைடை உலர்வாக ஓட்டுவதே நல்லது.

வார்ப்பிரும்புக்குக் கூலன்ட் வேண்டாம். அதிலுள்ள கிராஃபைட்டே உயவாக வேலை செய்யும். கூலன்ட் ஊற்றினால் பொடி சேறாகி, லேத்தின் அடித்தளமான பெட்டையும் அதன்மேல் டூலைத் தாங்கி நகரும் கேரேஜின் அடியையும் உப்புத்தாள் போட்டதுபோல் தேய்க்கும். பித்தளையையும் பெரும்பாலும் உலர்வாகவே வெட்டலாம். கந்தகம் சேர்த்த கட்டிங் ஆயிலை மட்டும் பித்தளை, செம்பு பக்கம் கொண்டுபோகாதீர்கள்; கறுத்துக் கறை பிடிக்கும். அலுமினியம் டூலில் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. அதற்குச் சொல்யூபிள் ஆயிலோ மெல்லிய எண்ணெயோ போதும். மண்ணெண்ணெய் நல்ல பளபளப்புத் தரும் என்பது உண்மைதான். வேகத்தைக் கூட்டினால் ஆவி தீப்பிடிக்கும் என்பதும் உண்மை. மெக்னீசியத்தில் தண்ணீர் கலந்த எதுவும் கூடாது: சூடான சீவல் தண்ணீருடன் சேர்ந்து ஹைட்ரஜனை வெளிவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் கூலன்ட் மட்டும் உதவாது. டூல் வெட்டாமல் உரசினால் மேற்பரப்பு இறுகிப்போகும், பிறகு எதை ஊற்றினாலும் பயனில்லை. கூர்மையான டூல், தயங்காத ஃபீடு (டூல் முன்னேறும் வேகம்), 8 முதல் 10 சதவீதம் எண்ணெய் உள்ள கலவை மூன்றும் சேர வேண்டும்.

சாதாரண டர்னிங்குக்கு 5 சதவீதம் போதும். 10 லிட்டர் வேண்டுமானால் 9.5 லிட்டர் தண்ணீரை முதலில் வாளியில் எடுத்து, கிளறிக்கொண்டே அரை லிட்டர் எண்ணெயை மெல்லிய தாரையாக விடுங்கள். எண்ணெய்தான் தண்ணீருக்குள் போக வேண்டும். மாற்றிச் செய்தால் திரிந்த பால்போல் கட்டிகட்டியாக மிதக்கும், அதைத் தேற்ற முடியாது. கலவையை லேத் தொட்டிக்குள்ளேயே செய்வதும் வேண்டாம். கடினநீரில் சோப்பு போன்ற கசடு படியும், மிக மென்மையான நீரில் நுரை பொங்கும். தொட்டியில் மட்டம் குறைந்து பம்பு காற்றை உறிஞ்சினாலும் நுரை வரும் என்பதால் முதலில் மட்டத்தைப் பாருங்கள்.

கலவையைக் கண்ணால் மதிப்பிட முடியாது, ஒளி விலகலை வைத்துச் செறிவைக் காட்டும் ரீஃப்ராக்டோமீட்டர் வேண்டும். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தபின் கூலன்ட் சொட்டை வையுங்கள். வரும் எண்ணை அந்த எண்ணெய்க்குரிய காரணியால் பெருக்க வேண்டும். காரணி 1.5, அளவு 4 என்றால் கலவை 6 சதவீதம். தண்ணீர் ஆவியாவதால் நாளாக ஆகக் கலவை கெட்டியாகும். குறைந்ததை நிரப்ப 1 அல்லது 2 சதவீதத்தில் மெல்லிய கலவை போட்டு ஊற்றுங்கள், வெறும் தண்ணீர் வேண்டாம். 3 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஜாபும் பெட்டும் துருப்பிடிக்கத் தொடங்கும்.

விடுமுறை முடிந்து திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதா? பெட்டிலிருந்து வழிந்த எண்ணெய் தொட்டியின் மேல் ஏடாகப் படிந்து காற்றைத் தடுத்திருக்கும். காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாதான் அந்த வாடைக்குக் காரணம். ஏட்டை அவ்வப்போது வழித்தெடுங்கள், வேலையில்லாத நாளிலும் பம்பைச் சற்று நேரம் ஓட்டுங்கள். காரத்தன்மையைக் காட்டும் பி.எச் அளவு சுமார் 9 இருக்க வேண்டும், 8.5-க்குக் கீழே போனால் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது பழசை வடித்துவிட்டுப் புதுசை ஊற்றினால் மட்டும் போதாது. அடியிலுள்ள சகதியையும் சீவலையும் சுரண்டி, குழாய்களையும் கழுவாவிட்டால் மிச்சமிருக்கும் பழசு புதிய கலவையையும் கெடுத்துவிடும்.

கூலன்ட் வரும் நாசில் ஜாபைப் பார்த்து இருக்கக் கூடாது. சீவல் டூலை உரசி எழும் இடத்தில் தாரை விழ வேண்டும். பார்ட்டிங் (ஜாபைத் துண்டாக வெட்டுதல்) செய்யும்போது பள்ளத்துக்குள் போகாமல் மேலே வழிந்தோடும் கூலன்ட் வீண்தான், சீவல் சிக்கி டூல் உடையும். மரை போடும்போது ஒவ்வொரு பாஸுக்கும் (ஒருமுறை வெட்டுக்கும்) முன் பிரஷ்ஷால் கட்டிங் ஆயில் தடவுங்கள். மரையின் பக்கங்கள் கிழிந்து சொரசொரப்பாக வந்தால், எண்ணெய் போதவில்லை அல்லது டூல் மழுங்கிவிட்டது.

துணியில் நனைத்துத் தடவுவது, கையுறையோடு ஓடும் ஜாபை நெருங்குவது இரண்டும் கையையே, ஜாபைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குள் இழுத்துவிடும். வண்டியில் வடித்த பழைய எஞ்சின் ஆயிலையும் பயன்படுத்தாதீர்கள். அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் சேர்ந்திருக்கும். கூலன்ட் நனைத்த உடையை மாற்றாமல் இருந்தால் தோல் வெடித்து அரிக்கும். கழிவுக் கூலன்ட்டைச் சாக்கடையில் கொட்டாமல் தனி டிரம்மில் சேர்த்து, எண்ணெய்க் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் பெட்டைத் துடைத்து ஸ்லைடுவே ஆயில் பூசுங்கள். பெட்டின் மறுமுனையிலுள்ள டெயில்ஸ்டாக்கை நகர்த்தி அதன் அடியையும் துடைக்க வேண்டும், துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.