முன் அனுபவமின்றி இணையதள வடிவமைப்புத் தொழிலுக்கு மாறுவது எப்படி?

கணக்கு எழுதும் வேலையோ ஜவுளிக்கடை விற்பனையோ பார்த்துவிட்டு, முப்பது வயதுக்கு மேல் இணையதள வடிவமைப்புக்கு வர விரும்புகிறவர்கள், எந்தப் பயிற்சி நிலையத்தில் சேரலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முதல் பக்கத்தை யாருக்காகச் செய்யப் போகிறீர்கள்? அச்சகத்தில் திருமண அழைப்பிதழும் துண்டறிக்கையும் தயாரித்துக்கொண்டிருந்த நான், அதற்கு விடை கிடைத்த பிறகுதான் உருப்படியாக எதையும் கற்றுக்கொண்டேன்.

பார்க்கிற வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும். எட்டு ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியே தாராளம். விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற, குறியீடு எழுதும் மென்பொருளும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. பாடத்துக்கு ஃப்ரீகோட்கேம்ப் தளமும், ஐயம் எழும்போது புரட்டிப் பார்க்க மொசில்லாவின் எம்.டி.என். ஆவணங்களும் இருக்கின்றன. இரண்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் தொடக்கத்தில் மலைப்பாக இருக்கும் என்றாலும், திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் நூறுக்குள்தான் அடங்கும்.

கற்கும் வரிசை முக்கியம். சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கி 1991இல் வெளியுலகுக்கு வந்த முதல் இணையதளத்தில் படம் ஒன்றுகூடக் கிடையாது. தலைப்பு, பத்தி, இணைப்பு ஆகியவையே இருந்தன. தோற்றத்தைத் தனியே எழுதும் சி.எஸ்.எஸ். 1996இல்தான் தரமாக அறிவிக்கப்பட்டது. வரலாறு போன அதே வழியில் போனால் குழப்பம் குறையும்: முதலில், பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்.டி.எம்.எல். குறியீட்டைக் கொண்டு செய்தியை அடுக்கப் பழகுங்கள், பிறகு சி.எஸ்.எஸ். கொண்டு அதற்கு அழகு சேருங்கள். பக்கத்தை இயங்க வைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட், இவ்விரண்டும் கைக்குப் பழகும் வரை காத்திருக்கட்டும். இடையிடையே ஏதாவதொரு செய்தித் தளத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தினால் திறக்கும் உலாவியின் உருவாக்குநர் கருவியில் அதன் தலைப்பு நிறத்தையும் அளவையும் மாற்றிப் பாருங்கள்; உங்கள் திரையில் மட்டுமே மாறும் என்பதால் யாருக்கும் நட்டமில்லை.

இனி அந்த முதல் பக்கத்துக்கு வருவோம். கற்பனையான காபிக் கடைக்குப் பக்கம் செய்து காட்டுபவர்கள் ஏராளம். அதைப் பார்த்து யாரும் வேலை தருவதாகத் தெரியவில்லை. உங்கள் தெருவில் உள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்டது வாடகைப் பாத்திரக் கடை. அங்கே ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து, தொலைபேசியில் வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் அப்படியே குறித்துக்கொண்டேன்: இருநூறு பேருக்குச் சமைக்க என்ன அளவு அண்டா வேண்டும், வண்டி வாடகை தனியா, முன்பணம் எவ்வளவு, முகூர்த்த நாளில் கிடைக்குமா. பக்கத்தின் உள்தலைப்புகள் இந்தக் கேள்விகள்தாம். "எங்களைப் பற்றி" என்ற பகுதி அடியில் இரண்டு வரியோடு நின்றது. ஜவுளிக்கடையில் வாடிக்கையாளரின் முகம் பார்த்தே தேவையை அறிந்தவருக்கு இந்த வேலை ஏற்கெனவே பாதி தெரியும்.

குறித்ததைத் தாளில், கைப்பேசித் திரையின் குறுகிய அகலத்துக்கே முதலில் வரைந்து பாருங்கள். அச்சுத்தாளின் நிலையான அளவுக்குப் பழகிய நான் கணினித் திரைக்கென்றே வரைந்து, வியூபோர்ட் என்ற ஒற்றை வரிக் குறியீட்டையும் சேர்க்க மறந்துவிட்டேன். அந்த வரி இல்லாவிட்டால் கைப்பேசி உலாவி பக்கத்தை ஏறத்தாழ 980 பிக்சல் அகலமுள்ளதாகக் கருதிச் சுருக்கிக் காட்டும். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தம்பி, எறும்பு ஊருற மாதிரி இருக்கே" என்றார்.

தமிழ்ப் பக்கத்துக்குக் கூடுதல் கவனம் தேவை. இதைப் பெரும்பாலான பாடங்கள் சொல்லித் தருவதில்லை. கடைக்காரர் தரும் பழைய கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தால், இணையத்தில் ஒட்டியதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒருமுறை மெய்ப்பும் பார்க்க வேண்டும். கொக்கிகளும் சுழிகளும் மேலும் கீழும் நீளும் எழுத்து என்பதால் வரி இடைவெளியை எழுத்தளவில் 1.6 மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். ஆங்கிலத்தில் ஏழெழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் "தொடர்புகொள்ளுங்கள்" என்று நீளும். பொத்தானுக்கு நிலையான அகலம் தந்தால் சொல் வெளியே வழிந்துவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியீட்டில் குறிப்பிடுவதும் அவசியம். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைக்கொண்டே எந்தக் குரலில் படிப்பது என்று முடிவுசெய்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது என்பது உலகளாவிய அணுகல் நெறி. சாம்பல் நிறத்தின்மேல் சாம்பல் எழுத்து, எத்தனை நாகரிகமாகத் தெரிந்தாலும், வெயிலில் நின்று பார்ப்பவருக்குப் பயன்படாது.

பக்கத்தை கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் ஏற்றலாம். கைப்பேசியில் எடுத்த படங்கள் நான்கைந்து எம்.பி. இருக்கும், இருநூறு கே.பி. அளவுக்குள் சுருக்கிய பின்பே ஏற்றுங்கள். டொமைன் எனப்படும் இணைய முகவரிப் பெயரை வாங்கும்போது கடைக்காரர் பெயரிலும் அவரது மின்னஞ்சலிலுமே வாங்குங்கள். உங்கள் பெயரில் வாங்கி வைத்துக்கொள்வது வசதிபோலத் தெரியும், பின்னாளில் வழக்காக முடியும்.

இப்படி மூன்று பக்கங்கள் சேர்ந்ததும் பாதை பிரிகிறது. சிறு வணிகர்களுக்குத் தொடர்ந்து செய்ய விரும்பினால் வேர்டுபிரஸ் என்ற தள மேலாண்மை மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலை அவர்களே திருத்திக்கொள்ள அது உதவும். நிறுவனத்தில் வேலைக்குச் சேர விரும்பினால் ஃபிக்மா என்ற திரை வடிவமைப்புக் கருவியும் ஓரளவு ஜாவாஸ்கிரிப்டும் வேண்டும். நேர்காணலில் சான்றிதழைவிட, அந்தப் பக்கத்தை ஏன் அப்படி அடுக்கினீர்கள் என்று காரணம் சொல்வதே எடுபடும். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் பக்கம் செய்து தருகின்றன. பாத்திரக் கடையில் மாலை முழுவதும் உட்கார்ந்து குறிப்பெடுக்க அவை வருவதில்லை. வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையத்தில், அங்கே படித்து இப்போது வேலையில் இருக்கும் இருவரிடம் பேசாமல் பணம் கட்டாதீர்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, முதல் பக்கத்தைத் தவிர எதையும் இலவசமாகச் செய்யாதீர்கள். எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், ஆண்டுதோறும் டொமைனைப் புதுப்பிக்கும் செலவு யாருடையது என்பதை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, பாதித் தொகையை முன்பணமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். பக்கம் வெளியாகி ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போய், இன்னமும் தொலைபேசியில் எந்தக் கேள்வி வருகிறது என்று கேளுங்கள். என் கடைக்காரர் சொன்னது, "கரண்டி உண்டான்னு கேக்குறாங்க". அன்றைக்கே அதைச் சேர்த்துவிட்டேன்.